கிழக்கே பார்த்துக் கழற்றிய தொப்பி

கார்மெல், பென்சில்வேனியா
1909 செப்டம்பர் 20, திங்கட்கிழமை

அன்பு மகன் எம்ரிஸுக்கு,

கார்மெல் ஊரின் குரல் என்று சிறியவர் பெரியவர் எல்லாராலும் புகழப்படும் உன் சித்தப்பா கோமர் புரோசர் எழுதுவது. இங்கே உன் அப்பா, நான், ஆலைப் புகை எல்லாரும் சுகம். உன் வலது கை சுகமா என்று முதலில் எழுது. மற்ற உறுப்புகளைப் பற்றி அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இந்த வருஷத்து ஆட்டங்கள் முடிகின்றன, ஊருக்கு வரப்போவதில்லை, வருகிற சனிக்கிழமை கலிபோர்னியாவுக்கு ரயில் ஏறுகிறேன், குளிர்காலம் முழுக்க அங்கே ஆடிவிட்டு நேரே ஓஹாயோவுக்கே திரும்பிவிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. டிசம்பரிலும் அங்கே ஆரஞ்சு தொங்குமாம். எனக்குத் தெரியாததா? வாலிபத்தில் நானே போக இருந்தவன்தான். இந்த ஊர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பேச்சு கடைசியில். முதலில் செய்தி.

மே மாதம் மேனேஜர் டஃபி உன்னை ஓஹாயோக்காரர்களுக்கு விற்றாரே, அதிலிருந்து நம் ஊர் பேஸ்பால் அணி தகரப்படை ஜூன் முழுக்கத் தோற்றது. பந்து வீச ஆளில்லை. உன் இடத்துக்கு வந்தவன் வீசியதை என் பாட்டனே கண்ணை மூடிக்கொண்டு அடித்திருப்பார். ஜூலையில் நான் டஃபியைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னேன். அன்று முதல் ஜெயம்தான். அவரைக் கேட்டால் மூன்றாவது பேஸுக்குப் புது ஆள் வந்ததால் என்பார். பொறாமை. எப்படியோ, சாம்பியன் கொடிக்கு ஒரே ஆட்டம் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டோம். அந்த ஒரே ஆட்டம் உன்னோடுதான் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நீ அங்கே மைதானத்தில் நின்றாய். சனிக்கிழமை இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

வெளியூர் ஆட்டம் என்றால் பத்திரிகை ஆபீஸ் மாடியில் மைதானம் வரைந்த பலகையைத் தொங்கவிடுவோம் அல்லவா. தந்திக்காரி கோரா லட்லோ உள்ளே உட்கார்ந்து, வருவதைச் சீட்டில் எழுதித் தருவாள். நான் தகரக் குழாயை வாயில் வைத்து ஊருக்குச் சொல்வேன். அன்று கீழே ஐயாயிரம் பேர். சரி, ஐயாயிரம் இல்லையென்றாலும் டிராம் வண்டி நின்றுவிட்டது. கோரா வழக்கம்போலத் தலையில் அடித்துக்கொண்டாள். "கோமர், தந்தியில நாலு வார்த்தை வருது, உங்க வாயில நாப்பது போகுது. மிச்ச முப்பத்தாறு எங்க இருந்துய்யா வருது?" என்றாள். கலை என்றேன். வெறும் 'ஸ்ட்ரைக்' என்று சொன்னால் யார் நிற்பார்கள்? நீ மண்ணை அள்ளிக் கையில் தேய்த்தாய், வானத்தைப் பார்த்தாய், மட்டைக்காரனின் முழங்கால் நடுங்கியது என்று நான் சொல்லச் சொல்லத்தான் ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள்.

உன் பேரைச் சொன்னபோது முதலில் ஊளைதான். கசாப்புக்கடை ஓட்டோ கெல்லர், "நம்ம ஊர் இறைச்சியத் தின்ன கையாலயே நம்மள அடிக்கிறான் பாருங்கய்யா!" என்று கத்தினான். பின்னாலிருந்து யாரோ, "உன் கடை இறைச்சியத் தின்னுட்டும் அந்தக் கை உருப்பட்டுதே, அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லு!" என்றான். தெருவே சிரித்தது.

உன் அப்பா சிரிக்கவில்லை. அண்ணன் எதிர்ச்சாரியில், பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரும்புக்கடைக் கண்ணாடிக்குள் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீ போனதிலிருந்து பலகை தொங்கும் நாளெல்லாம் அவருக்கு ஆணி தேவைப்படுகிறது. வீட்டில் இன்றுவரை ஒரு ஆணி புதிதாக அடிக்கவில்லை. அந்தக் கடைக் கண்ணாடியில் பலகை பளிச்சென்று தெரியும். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

ஏழாவது இன்னிங்ஸ் வரை நம் ஆட்களால் உன்னைத் தொட முடியவில்லை. ஓட்டோ மறுபடியும், "அவன் என்னதான்யா வீசுறான்? பிசாசு பிடிச்ச பந்தா?" என்று அலறினான். அப்போது உன் அப்பா, முகத்தைத் திருப்பாமல், ஆணிகளிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "முழங்கை தணிஞ்சா பந்து கடைசியில தணியும். உயர அடிக்கப் போறாங்க, மடையனுங்க. முழங்கையப் பாக்கச் சொல்லு."

தெருவே அவர் பக்கம் திரும்பியது. பந்தாட்ட மைதானத்தில் கால் வைக்க மாட்டேன் என்று தேவாலயத்தில் எழுந்து நின்று சொன்ன மனுஷன், உன் முழங்கையை எங்கே பார்த்தார்? நேற்று ஆலைக் காவலாளியைப் பிடித்து உலுக்கினேன். நீ இங்கே ஆடிய இரண்டு வருஷமும், உங்கள் ஆட்டம் இருந்தால் அண்ணன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கரிக்குவியல் மேலே ஏறிவிடுவாராம். அங்கிருந்து வேலிக்கு அந்தப் பக்கம் முழுக்கத் தெரியும். இதில் என் ஜோடனை ஒன்றும் இல்லை. காவலாளி சாகட்டும், சத்தியம்.

கடைசி இன்னிங்ஸ். நீங்கள் இரண்டு ரன், நாங்கள் ஒன்று. நம் ஆள் மூன்றாவது பேஸில் நிற்கிறான், இரண்டு பேர் அவுட், மட்டையோடு லோர். கோரா சீட்டை நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை. 'லோர் ஸ்ட்ரைக் அவுட். ஆட்டம் முடிந்தது.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. வாசித்தேன். கொடி போனது. ஒருவரும் நகரவில்லை. அந்த மௌனம் முழுவதும் உன் பேர் மேல் உட்கார்ந்திருந்தது, மகனே. எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை மறுபடி எடுத்தேன். "எம்ரிஸ் புரோசர் தொப்பியைக் கழற்றுகிறான். கிழக்கே திரும்புகிறான். நம்ம ஊர் இருக்கிற திசை. தலை குனிந்து நிற்கிறான்" என்றேன்.

அங்கங்கே சிலர் கை தட்டினார்கள். ஓட்டோ கூட மூக்கைச் சிந்தினான். நான் எதிர்ச்சாரியைப் பார்த்தேன். உன் அப்பா முதல் தடவையாகப் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றார். தன் கறுப்புத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்திருந்தார். மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்து, டிராம் போய், கடைக்காரன் கதவைச் சாத்தும்வரை அப்படியே நின்றார்.

நான் இறங்கி வந்ததும் கேட்டார்: "கோமர், அது தந்தியில வந்ததா, உன் வாயில வந்ததா?"

தந்தியில வந்ததுண்ணே என்றேன். ஆயுசு முழுக்க ருசித்துப் பொய் சொன்னவன் நான். அந்த ஒன்று தொண்டையிலேயே நிற்கிறது.

நேற்று ஞாயிறு. தேவாலயத்தில் வழக்கம்போல உன் அப்பாதான் பாட்டுக்குழுவை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை பந்தாடுகிற ஊருக்குப் போகிறவன் என் பாட்டுக்குழுவில் நிற்க வேண்டாம் என்று மே மாதம் உன்னை விற்ற அன்று அவர் சொன்னார். நிற்கவில்லை என்று நீ சொன்னாய். விடிந்தபோது உன் பெட்டி இல்லை. இரண்டு பேருமே புரோசர்கள், வேறென்ன நடக்கும்? ஆனால் இதைக் கேள். மேல்குரல் வரிசையில் நீ நின்ற இடத்தில் இன்றுவரை யாரையும் நிற்க விடவில்லை. பக்கத்தில் நின்று பாடும் கரத் ஒரு தடவை அங்கே நகர்ந்து நின்றான். "நீ உன் இடத்துல நில்லுடா" என்று ஒரு அதட்டல். வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. நேற்று மேல்குரல் எடுக்க வேண்டிய இடம் வந்தபோது, அவர் கை பாடுகிறவர்கள் பக்கம் போகவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்த்து உயர்ந்தது. பாட்டு முடிந்தும் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கியது.

அப்புறம் வீட்டில் மூன்று தட்டு வைத்தார். உன் அம்மா போனதிலிருந்து அவரும் நானும்தானே சாப்பிடுகிறோம். மூன்றாவது தட்டைப் பார்த்தேன். "கை தவறி எடுத்துட்டேன்" என்றார். திருப்பி வைக்கவில்லை.

எம்ரிஸ், அவர் உனக்கு எழுத மாட்டார். எழுதச் சொன்னால் மை உறைந்துவிட்டது என்பார். கலிபோர்னியா எங்கேயும் போய்விடாது, ஆரஞ்சும் அடுத்த வருஷம் காய்க்கும். சனிக்கிழமை நீ ஏற வேண்டிய ரயில் மேற்கே போகிறது. அதற்கு முன்னால் ஒரே ஒரு ரயில் கிழக்கே ஏறு. வீட்டு வாசலில் நின்று தொப்பியைக் கழற்று. ஒன்றும் பேச வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். நான் இதுவரை சொன்ன பொய் எல்லாம் அப்படியே கிடக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் மெய்யாக்கிவிட்டுப் போ.

ஆண்டவர் உன் தோளையும் முழங்கையையும் காப்பாராக. வருகிறேன் என்று ஒரு வார்த்தை தந்தி கொடு. கோரா தரும் சீட்டை உன் அப்பாவிடம் எடுத்துப் போய் வாசிப்பேன். அன்றைக்கு மட்டும், உன்மேல் ஆணை, அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எதுவும் சேர்க்க மாட்டேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
சித்தப்பா
கோமர் புரோசர்