சகலை மேலே, நான் கீழே

மார்ச் 4, புதன்

தோள்பட்டை வலி குறையவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உயிர் போகிறது. அதனால் இன்றும் மரத்தடியில்தான் நான். ஏறியது சகலை, என் மனைவியின் தங்கை புருஷன். வேலையில்லாமல் இருந்தவனை இந்த மரம் கழிக்கும் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தச் செலவில் சூனியம்.

மேஸ்திரி அண்ணாந்து பார்த்து, "பூனை மாதிரி ஏறுறான்யா" என்றார். பத்து வருடமாக நான் ஏறியிருக்கிறேன். ஒரு மிருகத்தோடும் என்னை ஒப்பிட்டதில்லை.

மார்ச் 5

சாப்பிடும்போது மனைவி, "உயரமான மரமெல்லாம் இனிமே அவருக்குத்தானாமே? தங்கச்சி சொன்னா" என்றாள். குழம்பில் உப்பு குறைவு என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

மார்ச் 9, திங்கள்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். ரம்பத்தைக் கிளப்பும் முன், மேலே இருப்பவன் தன்னைத் தாங்கும் ஏறுகயிறு, மரத்தோடு சேர்த்துக் கட்டும் இடுப்புக் கயிறு இரண்டையும் தொட்டுப் பார்த்து "ரெண்டு!" என்று கத்த வேண்டும். கீழே நிற்பவன் தன் கண்ணால் பார்த்துவிட்டு "ரெண்டு!" என்று திருப்பிச் சொன்னால்தான் வெட்டு. மற்றவர்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். நான் பார்க்கிறேன். மேஸ்திரி அதை அக்கறை என்று நினைக்கிறார்.

அக்கறையாவது! எங்கே சறுக்குவான் என்று பார்க்கிறேன். சின்னத் தப்பு போதும். மேஸ்திரி முகம் சுளிக்கிற அளவுக்கு.

மார்ச் 10

சறுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

நூலக வாசலில் தூங்குமூஞ்சி மரம். கிளை பிரியும் ஒரு கவையைத் தாண்டும்போது இடுப்புக் கயிற்றைக் கழற்றி மறுபடி சுற்றினான். எதில்? வெட்டப்போகிற கிளையில்! கிளை அறுந்தால் அவனையும் இழுத்துக்கொண்டு போகும். ஏறுகயிறு தாங்கினாலும் நடுவில் அவன் இடுப்பு என்ன ஆகும்? அது தெரியாமல் "ரெண்டு!" என்று ஜோராகக் கத்தினான்.

சிக்கினியா மகனே — அதுதான் முதலில் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது. ஒரு மூச்சு நேரம் நான் வாயே திறக்கவில்லை. சீ, என்ன மனுஷன்டா நீ?

அவன் கை ரம்பத்துக்குப் போனது.

"ஒண்ணு! ஒண்ணுதான்டா! கைய எடு! கயிறப் பாருடா!" தொண்டை கிழிந்துவிட்டது.

பார்த்தான். அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அசையவில்லை.

இறங்கி வந்து, "அவ்வளவு தூரத்துலேர்ந்து எப்படிண்ணே தெரிஞ்சுது?" என்றான்.

"கண்ணு நல்லாத் தெரியும்" என்றேன்.

மார்ச் 13

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். அவன் பிழைத்ததே என் கண்ணால்தான். இதை யாரிடம் போய்ச் சொல்வது? மச்சினி வேறு போன் செய்து அழுகிறாள், நான் தெய்வமாம்.

மார்ச் 23, திங்கள்

தோள் சரியாகிவிட்டது, ஏறலாம் என்றார் டாக்டர். நேராக மேஸ்திரியிடம் ஓடினேன்.

"நீ ஏற வேணாம்யா. 'அண்ணன் கீழ நின்னாத்தான் நான் ஏறுவேன், அவர மாதிரி என்னை யாரும் பாத்ததில்ல'ன்னு உன் சகலை ஒத்தக்கால்ல நிக்கிறான்."

வேண்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

மார்ச் 24

பெரிய மரம். பூனை உச்சிக்கே போய்விட்டது. எல்லோரும் அண்ணாந்து வாய் பிளந்தார்கள்.

"ரெண்டு!" என்றான்.

வயிறு எரிய எரிய, ஒவ்வொரு கயிறாகப் பார்த்தேன். பார்த்த பிறகு சொன்னேன்.