மாடி அறையின் வெளிச்சம்

ஸ்வோல்வேர்,
மார்ச் 9

அன்புள்ள ஐவினுக்கு,

சிசெல் எழுதுகிறேன். உன் தீவுக்குத் தபால் விமானம் வியாழக்கிழமை கிளம்புகிறதாம். அதற்குள் சேர்க்க வேண்டுமென்று உட்கார்ந்தேன். வானிலை நிலையத்தில் இன்னும் ஆறு மாதம் இருக்கக் கேட்டிருக்கிறாய் என்று உன் அலுவலகத்தில் சொன்னார்கள். இது மூன்றாவது தடவை. அங்கே குளிர் எப்படி? கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் மாடி அறையைத் திறந்துவிட்டேன். ஆட்களைப் படமெடுக்க அதை ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறேன். வடக்கு ஜன்னல் அங்கே மட்டும்தானே இருக்கிறது. காலை பத்து மணிக்குப் பனியில் பட்டு ஏறிவரும் வெளிச்சம் தரையெல்லாம் பால்போலப் பரவும். செய்ய வந்த வேலையை மறந்து அதில் வெறுங்காலோடு நின்றிருக்கிறேன்.

சுவர்தான் தொந்தரவாக இருந்தது. நாம் இருவரும் அடித்த மஞ்சள், உட்கார்ந்தவர் முகத்தில் போய் விழுந்தது. யாரைப் பார்த்தாலும் காமாலை வந்தவர் மாதிரி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாம்பல் நிறம் அடித்தேன். தொட்டிலுக்கென்று விட்டிருந்த மூலையைக் கடைசியில் அடித்தேன்.

விளக்கு ஒன்றுதான். தலைக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக இருக்கும்; வெளிச்சம் வெள்ளைக் குடைத் துணி வழியே வரும். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. அதைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவர, கன்னத்து நிழல் தண்ணீரில் மை கரைவதுபோல் கரையும்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுத் தோர்கெய்ர். தாடையில் புற்று. மறுவாரம் பாதித் தாடையை எடுப்பதாக இருந்தார்கள். “இந்த மூஞ்சி இருக்கும்போதே ஒண்ணு எடுத்துடு சிசெல். அழகுக்கு இல்ல, அடையாளத்துக்கு” என்றார். அவர் மனைவி ரண்டி, “முப்பத்தெட்டு வருஷமா இதையே பாத்தாச்சு. மாறினா எனக்கும் ஒரு மாறுதல்தான்” என்றாள். அவர் சிரித்த நொடியில் எடுத்துவிட்டேன். ரண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெகுநேரம் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஐந்து வாரம் கழித்து, நேற்று மறுபடி வந்தார்கள். ஒரு கன்னம் உள்ளே போயிருக்கிறது, பேச்சு குழறுகிறது. வெட்டுப்பட்ட பக்கம் நிழலில் போகும்படி விளக்கை நகர்த்தினேன். ரண்டி எழுந்து வந்தாள். விளக்குத் தண்டை இரண்டு கையாலும் தூக்கி வெட்டுப்பட்ட பக்கமே வைத்தாள். “ஒளிக்காத. தினமும் நான் முத்தம் குடுக்கற பக்கம் இது” என்றாள். தோர்கெய்ர், “அவ சொன்னா கேட்டுக்க. நான் கேக்கல?” என்று குழறினார். இம்முறை அவள் ஜன்னல் பக்கம் போகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு என் தோளருகில் நின்றாள்.

அவர்கள் போனபிறகு, அவர் உட்கார்ந்திருந்த முக்காலியில் நானே உட்கார்ந்தேன். நாம் குழந்தைக்கு வைக்க இருந்த பெயரை வாய்விட்டுச் சொன்னேன். மாரென். இரண்டு வருடத்தில் முதல் தடவை. எதுவும் உடைந்துவிடவில்லை, ஐவின். வெளிச்சம் சுவரில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. தொலைவில் ஒரு படகின் சத்தம். அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அவளைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேயில்லை. நீ தீவுக்குப் போகட்டுமா என்று கேட்டபோது பாத்திரம் கழுவிக்கொண்டே, போ என்றவள் நான்தான். திரும்பிப் பார்த்துச் சொல்லியிருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

அந்தத் தபால் விமானம் திரும்பி வரும்போது ஓர் இடம் காலியாக இருக்குமாம், விசாரித்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். ஒருவேளை வந்தால், கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்காதே. உன் வீடுதான்.

என்றும் உன்,
சிசெல்