சுவரோரத்து ஜல்லி

அன்புள்ள உனக்கு,

பழக்க தோஷத்தில் அப்படி எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பிரிந்து போனபோது விட்டுச்சென்ற என் புத்தகங்களை எடுக்க நேற்று வந்தேன். நீ உள்ளேதான் இருந்தாய், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வழக்கம்போலப் பின்பக்கமாகச் சுற்றி வந்தவன் சமையலறைச் சுவரோரம் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே கிடந்த ஜல்லியை வாரிவிட்டு, சுவரை ஒட்டி மண்ணை மேடாக்கி ரோஜா வைத்திருக்கிறாய். உன் அண்ணன் யோசனையாகத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் உண்டா?

அந்த மண்ணுக்குத் தண்ணீர் விடும்போதெல்லாம் அஸ்திவாரமும் சேர்ந்து நனையும். மேலே பரப்பியிருக்கிற மரச்சீவல் கரையானுக்கு விருந்து. செடிகளை மூன்றடி தள்ளி நடு. தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடும்படி மண்ணைச் சரித்துவிடு.

குடிவந்த புதிதில் இதற்காகவே சண்டை போட்டோம். "செடி வைக்க இடம் கேட்டா செவுத்துக்குப் பரிஞ்சு பேசுறீங்களே, அதையே கட்டிக்கிட்டிருக்கலாமே!" என்றாய். சண்டை சிரிப்பில் முடிந்தது. அந்த ஜல்லியை நாம் இருவரும்தான் கூடை கூடையாகக் கொட்டினோம்.

அப்புறம் தினமும் சாயங்காலம் நான் அதில் கால் வைத்து அது சரசரத்ததுமே உள்ளேயிருந்து உன் குரல் வரும்: "மகாராஜா வந்தாச்சா? டீ ஆறுது, சீக்கிரம் வாங்க!"

நேற்று அந்த மண்ணில் என் காலடி உனக்குக் கேட்கவே இல்லை. புத்தகங்களை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

ரோஜாவை எங்கே வேண்டுமானாலும் நடு. சுவரோரம் மட்டும் பழையபடி ஜல்லியைக் கொட்டிவை. புத்தகங்களுக்காக நான் இன்னொரு முறை வரவேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சுவருக்குப் பரிந்து பேசியவன்