குரல்தின்னி கேட்டிராத கிண்டல்

பட்டறை,
பனி மாதம், முதல் வாரம்.

ஈட்டிக்குப் பேர்போன, பேச்சுக்குப் பேர்போகாத அக்காவுக்கு,

இங்கே நான் நலம், அம்மா நலம். அம்மாவின் பொறுமைதான் நலமில்லை. துருத்திக்குள் மிளகுத்தூள் போட்டது யார் என்று விசாரணை நடக்கிறது. சந்தேகப் பட்டியலில் ஒரே ஒரு ஆள்.

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பனிமூட்டத்தில் ஆள் தின்னத் திரியும் குரல்தின்னி, ஒருமுறை கேட்டதை அதே குரலில் அப்படியே திருப்பிச் சொல்லும். சொந்தமாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கத் தெரியாது. அதை நம்பிக் கதவைத் திறந்த காவல்காரி எவளும் மிஞ்சியதில்லை. அதனால்தான் பனிமூட்டத்திலிருந்து திரும்பும் வேட்டைக்காரி, வாசல் காக்கும் தோழியைப் புத்தம்புதிதாக ஒரு கிண்டல் செய்ய வேண்டும், அப்போதுதான் கோட்டைக் கதவு திறக்கும். இது என்ன பெரிய வித்தையா? நீ போய் “நெட்டை, நீ சோம்பேறி” என்றாயாம். மறுநாள் “நெட்டை, நீ ரொம்ப சோம்பேறி” என்றாயாம். அவள் அம்பு விட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. குறி தப்பியதில்தான் ஆச்சரியம்.

நீ கேட்ட சரக்கு இதோ. ஒவ்வொன்றும் ஒரே தடவைக்குத்தான்.

“நெட்டை, மழை முதல்ல உன்மேல பெஞ்சு முடிச்சிட்டுத்தான் எங்க பக்கம் வருது.”

“நெட்டை, உன் குறட்டையை குரல்தின்னி கத்துக்கிச்சாம். இப்ப அதுக்கே தூக்கம் வரலையாம்.”

இதற்குக் கூலியாக என்னை அங்கே கூப்பிட்டுக்கொள். எனக்குப் பதினைந்து வயது ஆகிவிட்டது. ஊரார் ஈட்டிக்கெல்லாம் சாணை பிடிக்கிறேனே, ஒன்றையாவது எறிந்து பார்க்க வேண்டாமா?

வாலு

---

கோட்டை,
பனி மாதம், இரண்டாம் வாரம்.

தங்கைக்கு,

உன் கிண்டல் பலித்தது. கதவைத் திறந்த நெட்டை அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. குறட்டை விஷயம் சமையற்கட்டுவரை போய்விட்டது. கோட்டைத் தலைவி என்னை நிறுத்தி, “இது உன் மூளையில உதிச்ச மாதிரி தெரியலையே” என்றார். எல்லோர் முன்னாலும்.

இனி எதுவும் அனுப்பாதே. நானே யோசித்துக்கொள்வேன்.

நீ இங்கே வருவது நடக்காது. போன மாதம் தெற்கு வாசலில் நின்ற இரண்டு பெண்களின் ஈட்டிகள் மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்தன. உன் விளையாட்டுக்கு இது இடமில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேள், மிளகுத்தூளுக்கு.

உன் அக்கா

---

பட்டறை,
பனி மாதம், மூன்றாம் வாரம்.

சொந்தமாக யோசிக்கப்போகும் அக்காவுக்கு,

உனக்கு யோசிக்கத் தெரியாது என்று நான் சொல்வேனா? நீ யோசித்து முடிப்பதற்குள் குரல்தின்னி உன்னைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருக்கும், அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் மானம் போனதாக வருந்துகிறாயே, உன் மானம் பத்திரமாகக் கோட்டைக்குள் இருக்கும், நீதான் வெளியே நிற்பாய்.

நெட்டைக்குக் கோபம் வராத கிண்டல்களாகப் பொறுக்கித் தனித் தாளில் வைத்திருக்கிறேன். தயவுசெய்து படி. நான் தயவுசெய்து என்று எழுதுவது இதுதான் முதல் தடவை. வேண்டுமானால் அம்மாவைக் கேட்டுப் பார்.

வாலு

---

கோட்டை,
பனி மாதக் கடைசி.

தங்கைக்கு,

உன் தாளைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நானே சில கிண்டல்கள் தயார் செய்துவிட்டேன். “நெட்டை, நீ உயரம்” என்பது அதில் ஒன்று. இன்னும் மெருகேற்ற வேண்டும்.

உன் அக்கா

---

பட்டறை,
மூடுபனி மாதம், முதல் வாரம்.

அக்கா,

அது கிண்டல் இல்லை, தையற்காரர் எடுக்கும் அளவு.

உடனே பதில் போடு.

வாலு

---

பட்டறை,
மூடுபனி மாதம், மூன்றாம் வாரம்.

அக்கா,

தபால் வண்டி இரண்டு முறை வந்துபோனது. உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. அம்மா வண்டிச் சத்தம் கேட்டாலே சுத்தியலை நிறுத்திவிடுகிறாள். கோபம் என்றால் திட்டியாவது எழுது. வெறும் தாளை மடித்து அனுப்பினாலும் போதும்.

வாலு

---

கோட்டை,
மூடுபனி மாதக் கடைசி.

வாலுவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். வலக்கைக் கட்டு இப்போதுதான் அவிழ்த்தார்கள். அதனால்தான் தாமதம்.

மூட்டத்தில் தனியாக மாட்டிக்கொண்டேன். ஈட்டி சேற்றோடு போயிற்று. விழுந்து கையை முறித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எனக்கு முன்பே என் குரல் அங்கே பேசிக்கொண்டிருந்தது. மழை, குறட்டை என்று நீ எழுதிய கிண்டல் எல்லாம் வரிசையாக. என்னைவிட நன்றாகவே சொன்னது.

மேலேயிருந்து நெட்டை, “ரெண்டு பேர்ல எவடி நீ? புதுசா சொல்லு” என்றாள். தயார் செய்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “நெட்டை” என்றேன். அதுவும் “நெட்டை” என்றது.

அப்போது எனக்கு வந்த எரிச்சல் முழுக்க உன் மேல். ஏன் என்று கேட்காதே. வாயைத் திறந்தேன், நிற்கவில்லை.

“எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா. பொறந்த அன்னிக்கு என் தூக்கத்தை எடுத்துக்கிட்டா, இன்னும் திருப்பித் தரல. என் செருப்புல தவளையை விட்டா. நான் அலறினா, ‘தவளை பயந்துடும், கத்தாதே’ன்னு என்னையே அதட்டினா. அவ பண்ற தப்புக்கெல்லாம் அம்மா என்னைத்தான் திட்டுவாங்க, பெரியவளாம் நான். கிண்டல் எழுதி அனுப்பினா, வேணாம்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். இப்ப அது இல்லாம சாகப்போறேன். செத்தா அந்தக் குரங்குக்கு வேற யாரு இருக்கா?”

மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. குரல்தின்னி “எனக்கு ஒரு தங்கச்சி” என்று ஆரம்பித்தது. நெட்டையின் அம்பு சத்தம் வந்த இடத்துக்கே போனது. இந்த முறை குறி தப்பவில்லை. எனக்காகச் சின்னக் கதவு திறந்தது.

“அந்தக் குரங்கை வரச் சொல்லு, ஆளைப் பாக்கணும்” என்கிறாள் நெட்டை. தலைவியும் சரி என்றுவிட்டார். வா. அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உன் பாடு.

உன் அக்கா

---

பட்டறை,
இளவெயில் மாதம், முதல் வாரம்.

அக்காவுக்கு,

இந்தக் கடிதம் வரும் வண்டியில்தான் நானும் வருகிறேன். கையிலேயே கொடுக்கலாம். இருந்தாலும் எழுதிவிடுகிறேன். சில விஷயங்கள் எனக்கு நேரில் சொல்ல வராது.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பும் தவளையும் வந்தபோது பட்டறையே சிரித்தது. ‘அந்தக் குரங்குக்கு வேற யாரு’ என்ற வரியில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அவ அழுதாளாமா?” என்று கேட்டாள்.

“அப்படி எதுவும் எழுதலையே” என்றேன்.

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அப்ப அழுதிருக்கா. கிளம்பு.”

வாலு