கை ஆட்டம்

ஏப்ரல் 3, புதன்

பத்து மணிக்கே போக்கர் மேசை நிரம்பிவிட்டது. வழக்கமான ஓய்வூதியக்காரர்கள், மாநாட்டுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். எனக்கு எதிரே ஹாலிஸ். முப்பது வருடம் லாரி ஓட்டிய மனிதர், இப்போது பொழுதன்னைக்கும் இங்கேதான். பந்தயச் சில்லுகளை நடுவில் தள்ளிவிட்டுக் கையை மேசைமேல் வைத்தேன். வலது கட்டைவிரல் தானாக ஆடியது. லேசாகத்தான். ஹாலிஸ் கண்ணுக்குத் தப்புமா?

"அம்மணிக்குக் கை ஆடுது. பெரிய சீட்டு வந்திருக்கு, ஆளை விடுங்கப்பா" என்று தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

நல்ல சீட்டு வந்தால் கை நடுங்கும் என்பது வேகஸுக்கு நேற்று விளையாட வந்தவனுக்கும் தெரியும். ஆனால் என்னிடம் இருந்தது ஒரு ஒன்பது, ஒரு நாலு. சும்மா மிரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக இதுதான் என் பிழைப்பு. மிரட்டும்போது கை ஆடினதே கிடையாது.

காபி அதிகமாகிவிட்டதோ?

ஏப்ரல் 9

காபியை நிறுத்தி ஆறு நாள். ஆடுகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

சும்மா வைத்திருந்தால்தான் ஆட்டம். எதையாவது பிடித்துக்கொண்டால் அடங்குகிறது. அதனால் நாள் முழுக்க ஒரு சில்லை உருட்டிக்கொண்டே இருக்கிறேன்.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அவருக்கு ஐம்பத்தொன்பது. சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன்னால் அப்படியே நிற்பார். எனக்கு இப்போது ஐம்பத்தேழு. அந்த நோயின் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

சாப்பிடும்போது என் கணவன் கிளென் கேட்டான்: "என்ன நடின், இடது கையால சாப்பிடற?"

தோள்வலி என்றேன். உடனே தைலத்தை எடுத்து வந்து தேய்த்துவிட்டான். பள்ளி பஸ் ஓட்டுகிற மனுஷன். என் எதிரே சீட்டாட உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் தாங்க மாட்டான். அவனிடம் பொய் சொல்லத் திறமையா வேண்டும்?

மே 6

எழுதவே கூசுகிறது. இந்த வாரம் மூன்று தடவை கையில் நல்ல சீட்டு ஒன்றும் இல்லாமல் பந்தயத்தை ஏற்றினேன். மூன்று தடவையும் கையைப் பார்த்துப் பயந்து ஓடினார்கள். அசிங்கமா இருக்கு. ஜெயிக்கறது நான் இல்ல, அது.

மே 8, புதன்

முடிந்தது. உட்கார்ந்த உடனே ஹாலிஸ், "இன்னும் சீட்டே போடலியே அம்மணி, அதுக்குள்ள என்ன ஆட்டம்?" என்றார். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ.

டாக்டரிடம் போகலாம். போனால் சொல்லிவிடுவார்களே.

மே 21, செவ்வாய்

முந்நூறு பேர் போட்டி. பதினெட்டு பேர் மிச்சம், அதில் நானும். ஓரத்தைத் தூக்கிச் சீட்டைப் பார்க்கப் போனேன் — விரல் கேக்கல. ஒரு சீட்டு எகிறி மல்லாக்க விழுந்தது. இஸ்பேட் ராணி. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். சீட்டுப் போடுகிற பெண் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள்.

"வேணும்னே காட்டினீங்களா?"

"இல்ல."

"பின்ன?"

ஒரு பொய்கூட வரல. இத்தனை வருஷம் அதை வச்சுதானே பிழைச்சேன்! "எனக்குக் கை சரியில்ல" என்றேன். சத்தமாகத்தான் வந்தது.

எச்சரிக்கையோடு விட்டார்கள். அதன்பின் என்ன ஆடினேன் என்றே தெரியவில்லை, கால் மணி நேரத்தில் வெளியே. பக்கத்து மேசையில் இருந்த ஹாலிஸ், இடைவேளை விட்டதும் என் கார்வரை வந்தார்.

"அன்னைக்குச் சிரிச்சது தப்பு. தெரியாமப் போச்சும்மா. வீட்ல சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"இன்னைக்கே சொல்லுங்க. இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன். அவர் பஸ் எந்த ஸ்கூல் வாசல்ல நிக்கும்னு எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டேன். கிளென் கத்துவான் என்று நினைத்தேன். "தைலம் தேச்சுவிட்டேனே, அப்பக்கூடச் சொல்லணும்னு தோணலியா?" என்றான். அவ்வளவுதான். அதற்கு அவன் கத்தியே இருக்கலாம்.

ஜூன் 14, வெள்ளி

அதேதான். பார்க்கின்சன். டாக்டர் அம்மா என் முகத்தைப் பார்த்தே சொன்னார். இதோ, எழுதியும் விட்டேன்.

"உங்க தொழிலுக்கு இந்தக் கை என்னென்ன செய்யணும்?"

"ரெண்டு சீட்டோட ஓரத்தைத் தூக்கணும். சில்லைத் தள்ளணும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

"பத்து மணி நேரம்."

"நாலாக்குங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சீட்டையே தொடக் கூடாது என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

வண்டி நிறுத்திய இடத்தில் அழுதது கிளென்தான். சாவியை வாங்கி நான் ஓட்டி வந்தேன்.

ஜூன் 15

பயமா இருக்கு. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

ஜூலை 30, செவ்வாய்

நாலு மணி நேரம். உட்காரும்போதே சொல்லிவிடுகிறேன்: "இது நோய், சீட்டு இல்ல. பார்த்து ஏமாறாதீங்க." புதியவர்கள் நெளிகிறார்கள். ஹாலிஸ் காபியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

இன்று அவரிடமே தோற்றேன். நடுவில் விரித்த பொதுச் சீட்டையும் சேர்த்து என்னிடம் ராஜா ஜோடி, எட்டு ஜோடி. அவர் சத்தமில்லாமல் என் பந்தயத்துக்குச் சமமாகக் கட்டிக் கூடவே வந்துகொண்டிருந்தார். கடைசியில் விரித்தால், ஐந்தும் ஆட்டின், என் ரெண்டு ஜோடியைவிடப் பெரிது! வாய் ஓயாத மனுஷன் வாயை மூடிக்கொண்டிருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நடுவில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்த உடனே பெரிதாக ஏற்றியிருந்தால் ஓடியிருப்பார். கஞ்சத்தனம் பண்ணிவிட்டேன். சுத்த மடத்தனம். வீடு வரும்வரை அதே யோசனை. சிவப்பு விளக்கில் பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

கிளென் கதவைத் திறந்துகொண்டே, "கை எப்படி இருந்துச்சு?" என்றான்.

"கவனிக்கலையே" என்றேன்.