எதையும் தொடாவிட்டால்

8.8.2010, ஞாயிறு

கீரப்பாளையம் போய்விட்டு வந்தேன். நண்பன் செந்தில் இறந்த பிறகு அவன் கம்ப்யூட்டரில் நான் கை வைத்தது இன்றுதான். அவன் தங்கை கவிதாவுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. "காலேஜ்ல விண்டோஸ்தான் வேணுமாம்ணா. லினக்ஸ எடுத்துட்டு அதப் போட்டுக் குடுங்க" என்றாள்.

சிடியைப் போடும்போது செந்திலின் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். தினமும் விளக்கேற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை ஆன் செய்து, உடனே அணைக்கப் போவாராம்.

"அணைக்கறப்ப 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா?'ன்னு தமிழ்ல கேக்குதுப்பா. அவன் எழுதுனதுதான? வேணாம்னு அழுத்திட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன்."

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைச் சம்பளமில்லாமல் தமிழாக்கிய பலரில் செந்திலும் ஒருவன். அந்த வரி அவனுடையதா என்று எனக்குத் தெரியாது. "ஆமாம்மா" என்றேன்.

லினக்ஸை அழிக்க மனம் வரவில்லை. இரண்டையும் வைத்தேன். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்டுக் கம்ப்யூட்டர் கொஞ்சம் காத்திருக்கும். எதையும் தொடாவிட்டால் முதலில் இருப்பது தானாகத் திறக்கும். எதை முதலில் வைக்க என்று கவிதாவிடம் கேட்டேன். படிக்கப் போகிறவள் அவள்தான்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். "எனக்குக் கீ அழுத்தி மாத்திக்கத் தெரியும்ணா. அம்மாவுக்கு மவுஸ் மட்டுந்தான் தெரியும். அண்ணனோடதே மொதல்ல இருக்கட்டும்."

அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

என் கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே லினக்ஸ்தான். இத்தனை நாள் அந்தக் கேள்வியைப் படிக்காமலே 'ஆம்' அழுத்தியிருக்கிறேன். இப்போது திரையில் அது நிற்கிறது. இன்னும் எதையும் அழுத்தவில்லை.