முன்பக்கத்துக் குறுக்குச் சட்டம்

அச்சரப்பாக்கம்
11.1.2024

பாசமுள்ள மச்சான் ஸ்டான்லிக்கு,

நானும் உன் தங்கை ஷாரோனும் சுகம். உன் இரட்டைப் படகின் இரண்டு உடல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் இந்த வண்டியில் வருகின்றன. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அலுமினியக் குழாய்தான் வேண்டுமென்று அடம்பிடித்தாய். குழாயை உப்பு உள்ளே அரித்தால் வெளியே தெரியாது. அதனால் தேக்கை மெல்லிய பலகைகளாக அறுத்து, ஒன்பது அடுக்கு ஒட்டியிருக்கிறேன்.

ஃபோனில் சொன்னால் மறந்துவிடுவாய் என்றே எழுதுகிறேன். சட்டத்தில் எங்கும் துளை போடாதே, முக்கியமாகப் பாய்மரம் நிற்கும் நடுவில். எல்லாவற்றையும் கயிற்றால் கட்டு. நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். கடலுக்குப் போகிறவன் உன் தம்பி ஜெரோம்.

உன்,
கிருபாகரன்

திருவிடந்தை
4.3.2024

மாப்பிள்ளைக்கு,

ஃபோனில் உன் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் எழுதுகிறேன். அன்று காற்றுகூடப் பெரிதில்லை. முன்சட்டம் முறிந்து, இரண்டு உடலும் ஒன்றோடொன்று மோதியதில் ஜெரோமின் வலது கை நடுவில் சிக்கியது. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டது அதனால்தான்.

“இன்னா மரத்துல செஞ்சான் உன் மாப்ள?” என்று ஊரே கேட்கிறது. உளுத்த மரம் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல? ஜெரோமைப் பார்க்க வந்த ஷாரோன் இனி அங்கே திரும்பி வர மாட்டாளாம். அவளுக்கு ஃபோன் செய்யாதே.

ஸ்டான்லி

அச்சரப்பாக்கம்
20.3.2024

ஸ்டான்லிக்கு,

நேற்று திருவிடந்தைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. வலை பின்னும் லட்சுமணன் உடைந்த சட்டத்தை விறகுக்கென்று எடுத்து வைத்திருந்தார். “இன்னா அண்ணாத்த, நடுவுல இம்மாம் பெரிய ஓட்டை கீது? நீயா போட்ட?” என்றார்.

நாலு துளைகள். என் கட்டைவிரல் உள்ளே போனது. மரம் அங்கேதான் முறிந்திருக்கிறது. மற்ற இடத்தில் பசை ஒரு கோடுகூட விடவில்லை, ஒரு பூச்சிகூட இல்லை.

யார் போட்டது? உன் கையால் எழுது.

கிருபாகரன்

திருவிடந்தை
2.4.2024

மாப்பிள்ளை,

நான்தான் போட்டேன். தினமும் கயிறு கட்ட ஒரு மணி நேரமானது. சவாரிக்கு வந்தவர்கள் காத்திருக்காமல் வேறு படகுக்குப் போனார்கள். அதனால் பாய்மரத்தின் அடியைச் சட்டத்தோடு போல்ட் வைத்து இறுக்கினேன். “மாமாவாண்ட கேட்டியா?” என்றான் ஜெரோம். “அவரே போடச் சொல்ட்டாருடா” என்றேன்.

இப்போது அவனுக்கு நான்தான் சோறு ஊட்டுகிறேன். இது தெரிந்தால் என் கையால் ஒரு வாய் வாங்க மாட்டான். காலைப் பிடித்துக் கேட்கிறேன், பழி உன்னோடு இருக்கட்டும். ஷாரோனை நான் பேசி அனுப்பி வைக்கிறேன். உன்னை மன்னிக்கச் சொன்னால் மன்னிப்பாள். இதைப் படித்ததும் கிழித்துவிடு.

ஸ்டான்லி

அச்சரப்பாக்கம்
9.4.2024

ஸ்டான்லிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நகல் எடுத்து ஜெரோமுக்கும் ஷாரோனுக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். முந்திக்கொண்டு நீயே ஜெரோமிடம் சொல்ல முடிந்தால் சொல். அவனுக்குப் போன கைக்கு அந்த மரியாதையாவது செய்.

மன்னிக்கச் சொன்னால் மன்னிப்பாள் என்று எழுதியிருந்தாய். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கி நான் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

பலகை எடுத்த அன்று ஷாரோனும் என்னோடு மரக்கடைக்கு வந்தாள். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணு இருந்த இரண்டை அவளேதான் ஒதுக்கினாள். அவளே, உளுத்த மரம் என்று நீ சொன்னதும் நம்பிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் ஃபோன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

உண்மை தெரிந்ததும் அவள் புறப்படுவாள். வர வேண்டாம் என்று சொல். அவள் புடவைகளையெல்லாம் மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள். நீ வராதே.

கிருபாகரன்